‘மதுக்கடவுள்’ என்னும் பெயர்ப்பு: யூரிப்பிடிஸின் ‘பாக்கை’ நாடகமும் தமிழ்ச் சொல்தேர்வும்

1. முன்னுரை

கிரேக்கத் தொன்மங்களைத் தமிழில் அறிமுகப்படுத்தும் நூல்களும் குறிப்புகளும் தியோனிசோஸ் என்னும் தெய்வத்தை ‘மதுக்கடவுள்’ என ஒரே சொல்லில் விளக்கிவிட்டு அப்பால் செல்வது வழக்கம். ஆங்கிலக் கையேடுகளின் வழியாக வந்த இவ்விளக்கம் பிழையானதன்று. திராட்சைக் கொடியையும் அதன் சாற்றையும் மாந்தர்க்கு அளித்தவன் அவனே என்று கிரேக்கரும் கூறினர். ஆயினும், விளக்கக் குறிப்பாக வந்த ஒரு சொல் மொழிபெயர்ப்பினுள் பெயரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்போது சிக்கல் எழுகின்றது. மூலத்தில் பல பெயர்கள் வெவ்வேறு பொருள் நோக்கி ஆளப்படும் இடங்களில் எல்லாம் ஒரே சொல் நின்றுவிடுகின்றது. அச்சொல்லும் தமிழில் தனக்கென ஒரு வரலாற்றையும் மதிப்பீட்டையும் உடையது.

கி.மு. 406இல் இறந்த யூரிப்பிடிஸ் இயற்றி, அவர் இறந்தபின் ஏதென்ஸில் அரங்கேறி முதற்பரிசு பெற்ற ‘பாக்கை’ நாடகத்தை அடிப்படையாகக் கொண்டு இச்சிக்கல் இங்கு ஆராயப்படுகின்றது. ‘பாக்கை’ என்பது பாக்கோஸின் அடியவராகிய பெண்களைக் குறிக்கும். தீப்ஸ் நகரத்து இளவரசி செமெலேக்கும் ஜீயஸுக்கும் பிறந்த தியோனிசோஸ், தன்னைத் தெய்வமென ஏற்க மறுத்த தாய்வழி உறவினரிடம் மாந்தவடிவில் வருகின்றான். நகரத்துப் பெண்கள் அருள்வயப்பட்டுக் கித்தைரோன் மலை ஏறுகின்றனர். அவனை எதிர்த்த மன்னன் பெந்தியுஸ், இறுதியில் தன் தாய் அகாவேயின் கையாலேயே கிழித்தெறியப்படுகின்றான். ஒரு தெய்வத்தை அறிவதும் அறிய மறுப்பதுமே நாடகத்தின் பொருள். ஆதலின், அத்தெய்வம் எப்பெயரால் சுட்டப்படுகின்றது என்பது இங்கு அணிநலம் பற்றிய வினாவாக மட்டும் நின்றுவிடாது. அது நாடகத்தின் உயிர்நிலையைத் தொடுவதாகும்.

2. பெயரின் தொன்மையும் ‘அயலான்’ என்னும் தோற்றமும்

‘டயோனிசஸ்’ என்னும் வழக்கு ஆங்கில ஒலிப்பின்வழி வந்தது. கிரேக்க ஒலிப்பிற்கு நெருங்கியது ‘தியோனிசோஸ்’ என்பதாகும். இதன் முற்பகுதி ஜீயஸ் என்னும் பெயரின் வேற்றுமை வடிவமான ‘தியோஸ்’ என்பதோடு தொடர்புடையது எனப் பெரும்பாலோர் கொள்வர். பிற்பகுதி பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. அது நீசா என்னும் மலைப்பெயரைக் குறிக்கும் என்பாரும், மகன் என்னும் பொருள் தரும் என்பாரும் உளர்.

நாடகத்தில் இத்தெய்வம் கிழக்கிலிருந்து வருகின்றது. முன்னுரைப் பகுதியில் (அடி 13–20) லிடியா, ஃபிரிஜியா, பாரசீகம், பாக்ட்ரியா, மீடியா, அரேபியா ஆகிய நாடுகள் அவன் கடந்துவந்த வழியாக அடுக்கப்படுகின்றன. இத்தகைய சான்றுகளைக் கொண்டு, தியோனிசோஸ் வழிபாடு திரேசிலிருந்து பிற்காலத்தில் கிரேக்கத்துள் புகுந்தது என்னும் கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எர்வின் ரோடெ நிலைநாட்ட முயன்றார். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் லீனியர் பி எழுத்தைப் படித்தறிந்தபின் நிலைமை மாறியது. பைலோஸில் கிடைத்த களிமண் பலகைகளில் ‘தி-வோ-னு-சோ’ என்னும் அசைவரிசை காணப்பட்டது. பலகைகள் சிதைந்திருந்தமையால் அது தெய்வப்பெயர்தானா என்னும் ஐயம் நீடித்தது. கிரீட் தீவின் கானியாவில் கிடைத்து, 1990களின் தொடக்கத்தில் வெளியிடப்பட்ட பலகை அவ்வையத்தைப் போக்கியது. கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த அப்பலகையில் ஜீயஸுக்கும் தியோனிசோஸுக்கும் உரிய படையல் ஒருங்கே பதிவு செய்யப்பட்டுள்ளது. அப்படையல் தேன் என்பது கருதத்தக்கது. கிரேக்க மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளிலேயே இத்தெய்வம் இடம்பெறுகின்றது. அங்கு அது பெறுவதோ திராட்சைமது அன்று.

எனவே, ‘அயலிலிருந்து வந்தவன்’ என்பதை வழிபாட்டின் வரலாறாகக் கொள்வதினும் தெய்வத்தின் இயல்பாகக் கொள்வதே பொருந்தும். வால்டர் ஓட்டோ 1933இலேயே, லீனியர் பி படிக்கப்படுவதற்கு முன்னரே, தியோனிசோஸை ‘வருகின்ற தெய்வம்’ என விளக்கினார். எங்கும் புதிதாய் வந்து சேர்வது அவனது பண்பு. தீப்ஸில் பிறந்தவனே தீப்ஸிற்கு அயலானாக வருகின்றான்.

நாடகத்தில் மாந்தவடிவில் நிற்கும் அவனைக் குறிக்க ஆளப்படும் ‘க்செனோஸ்’ என்னும் சொல் அயலானையும் விருந்தினனையும் ஒருங்கே குறிப்பது. விருந்தோம்புபவனையும் அதுவே குறிக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழைய பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் புதிய யாப்பினை ‘விருந்து’ எனப் பெயரிட்டு வனப்புகளுள் ஒன்றாக வைக்கின்றது. புதிதாய் வந்தவரே விருந்தினர். ஆதலின், பெந்தியுஸின் வாயில் ‘அயலான்’ என்றும் பிறர் வாயில் ‘புதியவன்’, ‘விருந்தாய் வந்தவன்’ என்றும் பெயர்க்கும் வாய்ப்பு தமிழுக்கு உண்டு. ஒரே மூலச்சொல் மூன்றாகப் பிரிவது இழப்பே. எனினும், ‘விருந்து’ என்பதன் இருபொருள் அவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்யும்.

3. மதுவை முன்னிறுத்துபவர் யார்?

நாடகத்தில் மது பேசப்படும் இடங்களைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். மதுவையும் காமத்தையும் இத்தெய்வ வழிபாட்டின் முழுப்பொருளாகக் காண்பவன் பெந்தியுஸ். மேடைக்கு வந்தவுடன் அவன் நிகழ்த்தும் உரையில் (அடி 215–262), பெண்களின் கூட்டத்தின் நடுவே மதுக்கலங்கள் நிறைந்து நிற்பதாகவும் அவர்கள் ஆடவரை நாடி ஒதுங்குவதாகவும் கூறுகின்றான். திராட்சைச்சாறு இடம்பெறும் பெண்கள் விழாவில் நலமானது எதுவும் இராது என்பது அவன் துணிபு. அவன் மலைக்குச் சென்று பார்த்தவன் அல்லன். கேள்வியுற்றதைக் கொண்டு பேசுபவன்.

மலையில் நேரில் கண்டவனாகிய முதல் தூதன் இதனை மறுக்கின்றான். பெண்கள் உறங்கிய முறையை விவரிக்கும்போது, மன்னன் கூறியவாறு அவர்கள் மது மயக்கத்திலோ காம வேட்கையிலோ இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றான் (686–688). அதன்பின் அவன் காட்டும் வியப்புகளில் (704–711) மது வருகின்றது. ஆனால் தனித்து வரவில்லை. பாறையிலிருந்து நீர், நிலத்திலிருந்து மது, மண்ணைக் கீறிய விரலடியில் பால், கையிலேந்திய தண்டிலிருந்து தேன் என நால்வகை நீர்மங்களுள் ஒன்றாக அது பொங்குகின்றது. இதே தூதன் தன் உரையை முடிக்கும்போது துயர்போக்கும் கொடியைத் தந்தவன் அவன் எனப் புகழ்வதும் உண்டு (772–774). ஆகவே நாடகம் மதுவை மறுக்கவில்லை. அதனை ஒரு பெரிய வரிசையில் உரிய இடத்தில் வைக்கின்றது.

முதுகுருடனாகிய தெய்ரேசியாஸின் உரையும் (274–285) இவ்வாறே அமைகின்றது. உலர்ந்த உணவை அளிப்பவள் தெமெத்தர். அதற்கு இணையான ஈரப்பொருளைக் கண்டளித்தவன் தியோனிசோஸ். தெய்வமாகிய அவனே தெய்வங்களுக்கு வார்க்கப்படும் படையலும் ஆகின்றான் என்கிறார் அவர். பிற்காலத்தில் புளூட்டார்க், கிரேக்கர் தியோனிசோஸை மதுவுக்கு மட்டுமன்றி ஈரத்தன்மை முழுவதற்கும் தலைவனாகக் கருதினர் என்று எழுதினார். ‘பாக்கை’ பதிப்பின் (1944) முன்னுரையில் ஈ. ஆர். டாட்ஸ் இக்கருத்தை முன்வைத்தே மதுக்கடவுள் என்னும் குறுகிய விளக்கத்தை மறுத்தார். மதுவுக்கே உரிய ஆந்தெஸ்தேரியா விழாவிலும் கலங்களைத் திறக்கும் முதல் நாளும் குடிக்கும் இரண்டாம் நாளும் கடந்தபின், மூன்றாம் நாள் இறந்தோர்க்கு உரியதாக அமைந்தது.

இவற்றால் பெறப்படுவது யாது? நாடகத்தினுள் தெய்வத்தை மதுவாகச் சுருக்கிக் காண்பது அதன் பகைவனின் பார்வை. அப்பார்வையின் பிழையே அவனது அழிவுக்கு வழியாகின்றது. பெயர் வரும் இடமெல்லாம் ‘மதுக்கடவுள்’ என எழுதும் மொழிபெயர்ப்பாளர், தாம் அறியாமலே பெந்தியுஸின் பக்கம் சேர்ந்துவிடுகின்றார். படிப்பவர்க்கோ, பெந்தியுஸ் சொல்வது சரிதானே என்று தோன்றும். மூலத்தின் முரண் அங்கே அவிழ்ந்துபோகும்.

4. பெயர்களின் பங்கீடு

நாடகத்தில் ஆளப்படும் பெயர்கள் ஒன்றற்கொன்று மாற்றாக வருவன அல்ல. தியோனிசோஸ் என்பது பிறப்போடு பிணைந்த பெயர். தெய்வம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வது அப்பெயரால்தான். பெந்தியுஸும் அப்பெயரைச் சொல்கின்றான். ஆனால் அவன் யாராயிருப்பினும் என்னும் ஐயத்தோடு சேர்த்துச் சொல்கின்றான் (219–220). புரோமியோஸ் என்பது முழங்குபவன் எனப் பொருள்படும். இது பாடற்குழுவின் வாயில் பெரிதும் பயில்கின்றது. இயாக்கோஸ் (725) வழிபாட்டுக் கூக்குரலோடு தொடர்புடையது. திதுராம்போஸ் (526) என்பது தெய்வத்தின் பெயரும் அவனைப் பாடும் பாவகையின் பெயரும் ஆகும். இவற்றுள் எதுவும் திராட்சையைச் சுட்டவில்லை. பெரும்பாலானவை ஒலியையும் கூவுதலையும் சார்ந்தவை. இத்தெய்வம் பாடற்குழுவுக்குக் காதின் வழியே தோன்றுகின்றது என்பதைப் பெயர்களே உணர்த்துகின்றன.

பாக்கோஸ் என்னும் பெயர் மொழியியலார்க்குத் தனிச்சுவை தருவது. அது தெய்வத்தையும் குறிக்கும்; அருள்வயப்பட்ட அடியவனையும் குறிக்கும். சிறைப்பட்டுத் தன்முன் நிற்கும் அயலானின் துணிவான விடையைக் கேட்டு, பெந்தியுஸ் அவனை ‘பாக்கோஸ்’ என இகழ்ச்சியாகக் குறிப்பிடுகின்றான் (491). அடியவன் என்னும் பொருளில் அவன் சொல்கின்றான். அவையோர் அதில் தெய்வத்தின் பெயரையே கேட்பர். தன்முன் நிற்பவனை அறியாமலே அவனது உண்மைப் பெயரை மன்னன் உரைத்துவிடுகின்றான்.

பழங்கிரேக்க எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லை. இன்றைய கிரேக்கப் பதிப்புகளும் ஆங்கிலப் பெயர்ப்புகளும் சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாகவோ சிறிதாகவோ இட்டு, தெய்வமா அடியவனா என்பதை முடிவு செய்துவிடுகின்றன. தமிழ் எழுத்தில் இவ்வேறுபாடு கிடையாது. ‘பாக்கோஸ்’ என்று ஒலிபெயர்த்து எழுதினால் மூலத்தின் இருபொருள் சிதையாமல் நிற்கும். ‘மதுக்கடவுள்’ என்றோ ‘குடிகாரன்’ என்றோ பொருள்பெயர்த்தால் அந்நலம் கெடும். இங்கு ஒலிபெயர்ப்பே பொருளைக் காக்கின்றது.

5. சொல்விளையாட்டு: தொடை, பங்கு, மேரு

பெந்தியுஸ் என்னும் பெயர் ‘பெந்தோஸ்’, அதாவது துயரம், என்னும் சொல்லோடு இணைத்து இரண்டிடங்களில் (367, 508) பேசப்படுகின்றது. முதலிடத்தில் தெய்ரேசியாஸ் எச்சரிக்கையாகவும், இரண்டாமிடத்தில் தெய்வம் மன்னனின் முகத்துக்கு நேராகவும் இதனைச் சொல்கின்றனர். ‘துயரின் பெயரைத் தாங்கியவன்’ என்னும் ஒரு தொடரை முதலிடத்தில் சேர்த்துவிட்டால், இரண்டாமிடத்தில் ‘உன் பெயரே அதற்குப் பொருந்தும்’ என்பது அடிக்குறிப்பின்றி விளங்கும். நடிப்புக்குரிய பெயர்ப்பிற்கு இம்முறையே ஏற்றது.

இதனினும் கடினமானது தெய்ரேசியாஸ் கூறும் சொல்லாராய்ச்சி (286–297). செமெலே இறந்தபின் ஜீயஸ் குழந்தையைத் தன் தொடையில் வைத்துத் தைத்துக்கொண்டான் என்பது தொன்மம். இதனை நகைத்த பெந்தியுஸுக்கு அவர் பகுத்தறிவு விளக்கம் தருகின்றார். ஜீயஸ் வானவெளியின் ஒரு பங்கை உடைத்து எடுத்து, அதனைக் குழந்தையின் வடிவமாக்கி, ஹேராவிடம் பிணையாகக் கொடுத்தானாம். பங்கு என்பதற்குக் கிரேக்கத்தில் ‘மெரோஸ்’. பிணை என்பதற்கு ‘ஹோமேரோஸ்’. தொடை என்பதற்கு ‘மேரோஸ்’. காலப்போக்கில் மாந்தர் சொல்லை மாற்றிக்கொண்டு தொடைக் கதையைக் கட்டினர் என்கிறார். சொல் திரிந்தமையால் தொன்மம் பிறந்தது என்னும் இவ்விளக்கம், மாக்ஸ் முல்லர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொன்மத்தை மொழியின் நோயாகக் கண்டதை நினைவூட்டும். நாடகாசிரியர் இதனைப் போற்றி எழுதினாரா, எள்ளி எழுதினாரா என்பது பதிப்பாசிரியரிடையே முடிவுறாத வினா.

இதே சொல் பின்னர் இந்தியாவோடு இத்தெய்வத்தைப் பிணைத்தது. யூரிப்பிடிஸின் நாட்டுப்பட்டியலில் இந்தியா இல்லை. அலெக்சாந்தரின் படையெடுப்பிற்குப் பின்னரே (கி.மு. 327–325) தியோனிசோஸின் இந்திய வெற்றி பற்றிய கதை விரிவடைந்தது. வடமேற்கு மலைப்பகுதியில் நீசா என்னும் ஊரும் அதனருகே ‘மேரோஸ்’ என்னும் மலையும் இருந்ததாகவும், ஐவிக்கொடியை அங்குக் கண்ட மாசிடோனியர் மகிழ்ந்ததாகவும் அர்ரியன் எழுதுகின்றார். மலைப்பெயர் ஜீயஸின் தொடையைக் குறிப்பதாகக் கிரேக்கர் கொண்டனர். அப்பெயரின் பின்னே இந்திய மரபின் ‘மேரு’ இருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவர். ஒலியொப்புமை ஒன்றே ஒரு தெய்வத்தை இரு நாடுகளுக்கிடையே நடத்திச் சென்றது. அர்ரியனே இக்கதைகளை ஐயத்தோடுதான் பதிவு செய்கின்றார். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் நொன்னோஸ் இயற்றிய 48 காண்டங்கள் கொண்ட ‘தியோனிசியாக்கா’ இவ்விந்தியப் போரையே பெரும்பொருளாகக் கொண்டது.

இந்திய மொழிகளுள் ஒன்றில் பெயர்ப்பவர்க்கு இச்செய்தி ஓர் எச்சரிக்கை. ‘மேரு’ என்னும் சொல்லைத் தெய்ரேசியாஸின் உரையில் நுழைத்துச் சொல்விளையாட்டை எளிதாக்கிவிடலாம் என்னும் ஆசை தோன்றக்கூடும். நாடகம் இயற்றப்பட்ட காலத்தில் இல்லாத இணைப்பை அது முன்தேதியிட்டுப் புகுத்துவதாகும்.

6. தமிழில் சொல்தேர்வு

6.1 குடிப்பொருளின் பெயர்

கிரேக்கத்தில் திராட்சைமதுவுக்குப் பொதுச்சொல் ‘ஒய்னோஸ்’. லத்தீன் ‘வீனும்’, ஆர்மீனிய ‘கினி’ முதலியன இதன் உறவுச்சொற்கள். இதனின் வேறாக ‘மெது’ என்னும் பழஞ்சொல்லும் உண்டு. வடமொழி ‘மது’வும் கிரேக்க ‘மெது’வும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரினின்று கிளைத்தவை, தேனும் தேனால் ஆகிய குடிப்பொருளும் அவ்வேரின் பொருள்கள். ஆகவே ‘மது’ என்பது ‘மெது’வுக்குத் தொலைவான உறவு, ‘ஒய்னோஸ்’ என்பதற்கு அன்று.

இன்றைய தமிழில் ‘மது’ எவ்வகைக் குடியையும் குறிக்கும் பொதுச்சொல். மதுவிலக்கு, மதுக்கடை ஆகிய தொகைச்சொற்களில் பயின்று, கேட்டவுடன் ஒழுக்கம் பற்றிய தீர்ப்பையும் உடன்கொண்டு வருகின்றது. பெந்தியுஸின் உரைக்கு இச்சொல் மிகப் பொருந்தும். தெய்ரேசியாஸ் தெய்வங்களுக்கு வார்க்கப்படும் பொருளைப் பற்றிப் பேசும்போது இதே சொல் இடறும். ‘கள்’ பனையையும் தென்னையையும் நினைவூட்டும். விவிலியத் தமிழின் ‘திராட்சரசம்’ பொருளளவில் சரியானது. படையல் என்னும் குறிப்பும் உடையது. ஆனால் கிறித்தவ வழிபாட்டின் சாயலைத் தவிர்க்க இயலாது. வோலே சொயிங்கா 1973இல் இந்நாடகத்தைத் தழுவி எழுதியபோது இச்சாயலை வேண்டுமென்றே ஏற்றார். துணைத்தலைப்பிலேயே அதனை ஒரு திருவிருந்துச் சடங்கென அறிவித்து, இறுதியில் பெந்தியுஸின் தலையிலிருந்து குருதியன்றி மது பீறிடச் செய்தார். அது தழுவலின் உரிமை. பெயர்ப்பில் அவ்வுரிமை இல்லை.

இந்நிலையில் ‘தேறல்’ என்னும் சொல் எண்ணத்தக்கது. யவனர் கொணர்ந்த நறுமணமிக்க மதுவைப் புறநானூற்று 56ஆம் பாடல் இச்சொல்லால்தான் குறிக்கின்றது. மேற்கிலிருந்து கலத்தில் வந்த குடிப்பொருளுக்குத் தமிழே முன்னர்த் தேர்ந்த சொல் அது. இன்றைய வழக்கில் இகழ்ச்சிக்குறிப்பும் அதற்கு இல்லை. ‘தேறு’ என்னும் வினை தெளிதலையும் மயக்கம் நீங்கித் தன்னுணர்வு பெறுதலையும் குறிக்கும். மயக்கும் பொருளுக்குத் தெளிவின் பெயர் அமைந்திருப்பது, அகாவே தன் மகனின் தலையைக் கையிலேந்தியபடி மெல்ல உணர்வு திரும்பும் காட்சியில் கூர்மை பெறும். வழக்கிறந்த சொல் என்னும் குறை உண்டு. ‘திராட்சைத் தேறல்’ என முதலிடத்தில் விரித்து எழுதினால் அக்குறை நீங்கும்.

6.2 ‘மனியா’

‘மனியா’ என்பதற்குப் பைத்தியம், பித்து, மருள், வெறி முதலியன எதிர்நிற்கின்றன. ‘பைத்தியம்’ நோயை மட்டும் சுட்டும். தெய்ரேசியாஸ் இந்நிலையைக் குறிசொல்லும் ஆற்றலோடு இணைப்பதால் (298–301) அது போதாது. ‘வெறி’ என்னும் சொல் குடிமயக்கம், சினம், தெய்வமேறிய நிலை ஆகிய மூன்றையும் தழுவும். வெறியாட்டில் வேலன் குறிசொல்பவனும் ஆவான். இந்த அளவு பொருத்தம் பிற சொற்களுக்கு இல்லை. ஆயினும், வெறியாட்டில் தெய்வமேறுவது வேலன் என்னும் பூசாரியின்மீது. அது நிகழ்வது மனையகத்துத் தலைவியின் பொருட்டு. நகரத்துப் பெண்கள் வீட்டையும் தறியையும் விட்டு மலையேறுவது வேறு. எனவே ‘வெறி’யை ஏற்கலாம், ‘வெறியாட்டு’, ‘வேலன்’ முதலிய தொடர்சொற்களை ஏற்றலாகாது. ஏற்றினால் தியோனிசோஸ் முருகனின் உடையில் மேடையேறுவான்.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன:

(அ) ‘மதுக்கடவுள்’ என்பது அகராதிக்குரிய விளக்கம். மொழிபெயர்ப்பின் உடலில் அது பெயராக ஆளப்படுதல் கூடாது. ஆளவேண்டின், பெந்தியுஸின் வாயில் இகழ்ச்சியாக ஆளலாம்.

(ஆ) தியோனிசோஸ், பாக்கோஸ், புரோமியோஸ் முதலிய பெயர்கள் ஒலிபெயர்க்கப்பட்டு, மூலத்தில் வரும் இடங்களிலேயே நிற்றல் வேண்டும். சிறப்பாக, ‘பாக்கோஸ்’ என்பதன் இருபொருளைத் தமிழ் எழுத்து இயல்பாகவே காக்கின்றது.

(இ) ஒய்னோஸ் என்பதற்கு ஒரே சொல்லை நாடகம் முழுவதும் ஆள்வதினும், பேசுபவர் நோக்கிற்கேற்ப ‘மது’, ‘தேறல்’ எனப் பிரித்தாள்வது மூலத்தின் முரணை வெளிப்படுத்தும்.

(ஈ) தமிழ் மரபின் சொற்கள் துணைபுரியும் இடங்களில் அவற்றை ஏற்று, அவை தம்மோடு இழுத்துவரும் வழிபாட்டுச் சூழலை வாயிலிலேயே நிறுத்துதல் வேண்டும்.

மூன்றாவது பரிந்துரைக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். மூலத்தில் ஒரு சொல்லாக இருப்பதை இரண்டாக்குவது மொழிபெயர்ப்பாளரின் தலையீடு ஆகாதா என்பது அது. கிரேக்க ‘ஒய்னோஸ்’ தன்னளவில் இகழ்ச்சியோ புகழ்ச்சியோ அற்றது. பேசுபவரே அதற்கு நிறம் ஏற்றுகின்றனர். தமிழில் அத்தகைய நிறமற்ற சொல் இன்று இல்லை. ஒரு சொல்லை மட்டும் தேர்ந்தாலும் ஒரு பக்கத்தைத் தேர்ந்ததாகவே முடியும். அந்நிலையில் இரண்டையும் உரியவர் வாயில் வைப்பதே மூலத்திற்கு நெருங்கிய நேர்மையாகும்.